விசாரணையில் பின்னிய சடை

மார்ச் 3, திங்கள்

என் பெயர் துளசிமணி. இது இடது கை எழுதியது.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரிக்கே நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேனே. கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண்தான் இந்த யோசனையைச் சொன்னாள். வலது கை படுத்துவிட்டது, இடதையாவது எழுப்புங்கள், தினமும் மனதில் பட்டதை எழுதுங்கள் என்றாள். என் மனதில் படுவதையெல்லாம் எழுதினால் நோட்டு தாங்குமா என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

மார்ச் 7, வெள்ளி

எழுத்து கோழிக் கிறுக்கல்தான். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இதை மருந்துக் கடையில் நீட்டினால் மாத்திரையே தருவார்கள் என்றார். அவர் பெயர் சென்னியப்பன். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து பெயரைச் சொன்னதில்லை. எழுதினால் யார் காதில் விழப்போகிறது? சென்னியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன்.

மார்ச் 12, புதன்

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. சங்கத்து வக்கீல் தமயந்தி போனில் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி, லேபர் ஆபீசில். போன வருடம் போட்ட வழக்கு இப்போதுதான் கண்ணைத் திறக்கிறது.

இந்த நோட்டை என்றைக்காவது என் மகள் தாராபுரத்திலிருந்து வந்து படித்தால் அவளுக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குப் பிசிர் வெட்டுகிற வேலை. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூல்களையெல்லாம் விரலில் மாட்டிய சின்னக் கத்தரியால் வெட்டித் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கத்தரியை அமுக்கினேன் என்று நான் எண்ணியதே இல்லை. எண்ணுகிற நேரத்தில் இன்னொரு பனியனை முடித்துவிடலாம்.

முதலில் கட்டைவிரல் குடைந்தது. தைலம் தடவினேன். பிறகு மணிக்கட்டு. பிறகு மடங்கிய கட்டைவிரல் நிமிர மறுத்தது. இடது கையால் இழுத்து நிமிர்த்த வேண்டும், அப்போது டக்கென்று சத்தம் வரும். ஒரு நாள் கத்தரி விரலிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கிடக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அந்த நரம்பு செத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கம்பெனியில் எங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டவே இல்லை. சூப்பர்வைசர், கை சரியானதும் வாங்க என்று அனுப்பிவிட்டார். தானாகச் சரியாக இது என்ன ஜலதோஷமா?

இந்தக் கை வேலையால்தான் கெட்டது என்று லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் இழப்பீடு கிடைக்கும், ஆபரேஷன் நடக்கும். இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் வழக்கு.

இன்று தோசைக்கு அரைத்தாயிற்று. துணி துவைத்தாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வந்து, ரசம் மணக்குதே என்றாள். கொடுத்தேன். எங்கள் லைன் வீடுகளில் ஆறு அடுப்பு எரிந்தாலும் எங்கள் ரசத்தை மட்டும் அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். அவளும் எங்கள் கம்பெனிதான், எனக்கு எதிரே உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவள். இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறயோ என்றாள். பழகிருச்சுக்கா என்றேன்.

மார்ச் 24, திங்கள்

இன்று ஒரு பக்கம் முழுக்கத் திருக்குறள் போல ஒழுங்காக, சாயாமல் எழுதினேன். இடது கைக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாளைக்குக் கட்ட நீலப் புடவையா, மாம்பழக் கலரா? நீலம் நிறைய அழுகிற பெண் மாதிரிக் காட்டுகிறது. மாம்பழக் கலர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. எனக்கென்னவோ நாளைக்குக் கல்யாணம் மாதிரிதான் இருக்கிறது. மாம்பழம்.

ஏப்ரல் 2, புதன்

மாம்பழக் கலர் புடவையோடு போய் மூக்குடைந்து வந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. கை காரணமில்லை.

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவருக்குக் கடும் சளி, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு தும்மல். டாக்டர் சீட்டையெல்லாம் பார்த்தார், கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கம்பெனி வக்கீல் எழுந்தார். வலி உண்மைதான், நாங்கள் மறுக்கவில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் இது வேலையால் வந்ததல்ல, வீட்டு வேலையால் வந்தது என்றார். மாவு அரைப்பது, துணி பிழிவது, பாத்திரம் தேய்ப்பது. எந்தப் பெண்ணுக்குத்தான் கை வலிக்காது என்று சிரித்தார்.

அதற்குச் சாட்சி வைத்திருந்தார். யார் என்றால், ருக்குமணி அக்கா. சூப்பர்வைசர் எங்கள் லைனுக்கு வந்து, துளசிமணி எப்படி என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இந்த மகராசி, என்னைத் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சொன்னதை எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதை வக்கீல் ராகம் போட்டுப் படித்தார்.

"எங்க லைன்லயே துளசியாட்டம் ஊட்டு வேலை செய்யறவ எவளும் இல்லீங்க. கை நோவுலயும் ஒரு நாள் சோம்பி உட்கார்ந்ததில்லீங்க. வெளுத்த துணியும் அவதான், வெச்ச ரசமும் அவதான்."

அதிகாரி என்னைப் பார்த்து, இது சரிதானா அம்மா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி எழுந்து வாய்தா கேட்டாள். ஏப்ரல் இருபத்திரண்டுக்குப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் தமயந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண், ஆனால் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடுகிறது. வழக்குப் போடும்போதே கேட்டேனே, வீட்டு வேலை யார் செய்வது என்று, எல்லாப் பொம்பளைகளையும் போலத்தான் என்றீர்களே, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். நான் கூட வந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

இனி மறைத்து என்ன. இந்த நோட்டில்கூடப் பூசி மெழுகித்தான் எழுதியிருக்கிறேன். அரைத்தாயிற்று, துவைத்தாயிற்று என்றால் யார் செய்தது? சென்னியப்பன்தான். கை குடைய ஆரம்பித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அரைப்பது, துவைப்பது, தேய்ப்பது எல்லாம் அவர். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுத் துவைப்பார். நான் வாளியை இடது கையில் தூக்கிப் போய்க் கொடியில் போடுவேன். அவர் ரசம் வைப்பார். நான் வாசலில் நின்று கிண்ணத்தில் ஊற்றுவேன். தினமும் காலையில் என் தலையை வாரிச் சடை பின்னிவிடுவதும் அவர்தான். டெம்போவில் சரக்குக்குக் கயிறு கட்டுகிற கை, அதனால் பின்னல் அவிழாது.

வெளியில் தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று, நான்தான் ஊரெல்லாம் என் புகழைப் பரப்பினேன். எங்கூட்ல அவரு ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டாருங்க என்று எத்தனை பேரிடம் சலித்துக்கொண்டிருப்பேன். அதைத்தான் ருக்குமணி அக்கா அப்படியே சொல்லியிருக்கிறாள். அவளை எப்படித் திட்டுவது? என் பொய்க்குத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சண்டை. வீட்டுக்காரரின் டெம்போ ஸ்டாண்டில் ரங்கசாமி என்று ஒருவர் இருந்தாராம். மனைவி பிரசவத்துக்குப் போனபோது அவர் நாரும் கையுமாகப் பாத்திரம் தேய்ப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் நார் ரங்கசாமி. மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூட நாரு வந்திருக்கான் என்றார்களாம்.

"நாளைக்கு எனக்கு என்ன பேர் வெப்பானுங்கன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

அப்புறம் அவரே, கேஸ் தோத்தா கடன் வாங்கியாவது ஆபரேஷன் பண்ணிரலாம் என்றார். யாரிடம் வாங்குவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தபின் அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், அதனால் அவர் கண்ணில் வந்தது எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 21, திங்கள்

நாளை. தமயந்தி மறுபடி போன் செய்து, நான் கேட்பேன், உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாளைக்கு நீலப் புடவை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுதுகிறேன், எழுதுகிறேன். இடது கையே, ஓடு.

இன்று ருக்குமணி அக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் முந்தானையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு இடம் தள்ளி எங்கள் வீட்டுக்காரர், மீசையை நீவிவிட்டபடி, முறைப்பாக. கிளம்பும்போது பஸ் வந்துவிட்டது என்று என் தலையை அவசரமாகச் சுருட்டிக் கொண்டை போட்டுவிட்டார். சடை பின்ன நேரமில்லை. அது நல்லதற்குத்தான் என்று அப்போது தெரியவில்லை.

என்னை மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பெனி வக்கீல் முதலில் கேட்டார். வீட்டில் சமைப்பது நீங்கள்தானே? துவைப்பது நீங்கள்தானே? ஆமாம் அல்லது இல்லை, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஆமாம் என்றால் கை போச்சு. இல்லை என்றால் வாக்குப் போச்சு. நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாக்கை மறந்து இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று பயம்.

அதிகாரி தும்மிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள், அதற்குள் அந்தக் கையை ஒருமுறை காட்டுங்கள் என்றார். கையை நீட்டக் குனிந்தேன். அவசரக் கொண்டை பொத்தென்று அவிழ்ந்து முடி முழுக்க மேசைமேல், அவர் காகிதத்தின்மேல் விழுந்தது. பதறிப்போய் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனேன். வலது கட்டைவிரல் மடங்கிப் பூட்டிக்கொண்டது. முடியும் நிற்கவில்லை, விரலும் நிமிரவில்லை. அத்தனை பேர் முன்னால் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தலையைப் பிடித்தது. எனக்குத் தெரிந்த கைதான்.

"ஆடாம உட்காரு புள்ள" என்றார், வீட்டில் சொல்கிற அதே சிடுசிடுப்போடு.

முதலில் என் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல இழுத்தார், டக்கென்று நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். நடுவகிடு எடுத்தார். மூன்றாகப் பிரித்தார். விறுவிறுவென்று பின்னினார். மணிக்கட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் ரப்பர் பேண்டைக் கழற்றி நுனியில் முடிந்தார். பழக்கதோஷத்தில் சடையை முன்பக்கம் எடுத்துத் தோளில் போட்டு, கோணலா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

அதிகாரிகூடத் தும்மவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றார். நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார். சென்னியப்பனுங்க, இவ ஊட்டுக்காரனுங்க என்றார். தினமும் நீங்கள்தான் பின்னிவிடுவீர்களா என்றார். இவர் சீப்பைச் சட்டைப்பையில் திணித்தார்.

கம்பெனி வக்கீல் குதித்தெழுந்தார். இது நாடகம், ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவள் அம்மா ஊருக்குப் போனபோது நானும் பின்னிப் பார்த்திருக்கிறேன், இது ஒத்திகையில் வருகிற கை இல்லை என்றார். பிறகு இவரைப் பார்த்து, சொல்லப் பிரியப்பட்டால் சொல்லுங்கள் என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. சத்தியமாக வேண்டாம் என்றுதான் ஆட்டினேன்.

"நாந்தானுங்க" என்றார். "சடையும் நாந்தான். அரைக்கறது, தொவைக்கறது, தேய்க்கறது எல்லாம் நாந்தானுங்க. அவ கையில அதுக்கெல்லாம் எங்கீங்க தெம்பு? கம்பெனி எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு. மிச்சமிருந்தா ஊட்டுக்குத் தந்திருப்பா."

ஆரம்பித்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை. அணை உடைந்த மாதிரி. எனக்குச் சட்னியில் பூண்டு ஆகாது என்பதிலிருந்து, பிழிந்த துணியை உதறாமல் போட்டால் நான் கத்துவேன் என்பது வரை எல்லாம் சொன்னார். தட்டச்சு செய்கிற பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டாள். எனக்கோ சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் மூக்கு ஒழுகியது.

கடைசி பெஞ்சிலிருந்து ருக்குமணி அக்கா எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அப்ப அந்த ரசம்?" என்றாள்.

"நான் வெச்சதுங்க" என்றார் சென்னியப்பன்.

உடனே ருக்குமணி அக்கா, நான் கையெழுத்துப் போட்டது அவ சொன்னதைக் கேட்டுத்தானுங்க, என் கண்ணுல அவ ஒரு கரண்டி புடிச்சுப் பார்த்ததில்லீங்க என்று சத்தமாகச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு தமயந்தி என்னிடம் கேட்டாள், நான் உண்மையைச் சொன்னேன். அவரே சொன்னபின் எனக்கென்ன வாக்கு.

தீர்ப்பு தபாலில் வருமாம். தோற்றாலும் போகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, பொய். ஜெயிக்க வேண்டும். ஆனாலும் இன்று மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வந்தார். பெயர் வைத்துவிட்டார்களாம். சடை சென்னியப்பன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

மே 9, வெள்ளி

தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாலே வாசலுக்கு ஓடுகிறேன். மின்சார பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார் மனிதர்.

ஜூன் 5, வியாழன்

ஜெயித்துவிட்டோம். கையில் கண்ட நோய் தொழிலால் வந்ததே என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை நான் படித்தேன், அவர் படித்தார், பிறகு தமயந்தி போனில் படித்தாள். ஆபரேஷனுக்கு டாக்டரிடம் நாள் கேட்கச் சொல்லிவிட்டேன். சென்னியப்பன், என் ராசா, சென்னியப்பன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று காலை அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாயடிக்கே போய்விட்டார். துவைக்கும் கல்லில் என் நீலப் புடவையைப் போட்டு அடித்த அடி லைன் முழுக்கக் கேட்டது. பெண்களெல்லாம் குடத்தை வைத்துவிட்டு வழிவிட்டார்கள். வீட்டுக்குள் தாழ்போட்டு மெதுவாகத் துவைத்துத் துவைத்து, இத்தனை காலம் எவ்வளவு ஆசையை அடக்கியிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

ருக்குமணி அக்கா வந்தாள். கிண்ணம் கொண்டுவரவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு வலது கையை என் முன்னால் நீட்டினாள். கட்டைவிரல் மடங்கியிருந்தது. இழுத்தேன், டக்கென்றது. எத்தனை நாளா என்றேன். உனக்கு முந்தியே என்றாள். எதிரே உட்கார்ந்து ஒரே நூலை இரண்டு பேரும் வெட்டியிருக்கிறோம், நான் பார்க்கவில்லை. ஊட்டு வேலையால வந்துச்சுன்னு நானே நெனச்சுட்டேன் என்றாள்.

கையெழுத்துக்கு மேல் அவளுக்கு எழுத வராது. நான் மனு எழுத உட்கார்ந்தேன், இடது கையில், சாயாத எழுத்தில். பாதியில் நிறுத்தி, அக்கா, வீட்டு வேலை யார் செய்வது என்று கேட்பார்கள், இப்போதே யோசித்துக்கொள் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. வெளியே போய்த் தன் வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துவந்தாள்.

நான் இதை எழுதும்போது இரண்டு ஆண்களும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பியில் டெம்போக் கயிறு மூன்று பிரியாகத் தொங்குகிறது. அக்கா வீட்டுக்காரர் கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறார், எங்கள் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"மெதுவாங்க அண்ணா. அவங்களுக்கு வலிக்கும்."